வெள்ளம் வடிந்த பின் மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களுக்குப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வடகீழ்ப் பருவமழை நவம்பரில் பிடித்தால் ஜனவரி வரைக்கும், சில ஆண்டுகளில் பெப்ரவரி வரைக்கும் இலங்கையின் கிழக்கை விடாது. டிசம்பர் விடுமுறை, தைப்பொங்கல், வெளிநாட்டிலிருந்து வருவோரின் லீவு எல்லாம் அந்த நாட்களில்தான் விழுகின்றன. அதனால் வெள்ளம் வந்துபோன கையோடு பாசிக்குடா, வாகரை, படுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை), குடும்பிமலை, பொத்துவில் என்று புறப்படுவோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

புதிதாக வருவோர் பெரும்பாலும் அறையைப் பதிவுசெய்து, வாடகை வான் வண்டியைப் பேசி முடித்து, பாதி வழியில் நின்றுகொண்டுதான் தண்ணீரைப் பற்றி விசாரிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் தண்ணீர், அடுத்தது பாதை, அதன்பிறகே தங்குமிடம். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன.

1. மழை விட்ட நாளை எண்ணாதீர்கள், குளத்தின் வான்கதவு மூடிய நாளை எண்ணுங்கள்

மட்டக்களப்பு நகரில் நல்ல வெயில் எறிக்கும். அதே நேரம் வவுணதீவுப் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும். இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. மேற்கே பெய்த மழை குளங்களை நிரப்பி, வான் பாய்ந்து, ஆறுகளாக இறங்கி, வயல்வெளியில் விரிந்து, கடைசியில்தான் வாவிக்கு வருகிறது. அந்தப் பயணத்துக்கு நாட்கள் பிடிக்கும்.

ஆகவே வானிலை அறிக்கையோடு நிறுத்தாமல் குளங்களைப் பாருங்கள். மட்டக்களப்பில் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி. அம்பாறையில் சேனாநாயக்க சமுத்திரம். வெலிகந்தை, கிரான் பக்கம் போவதென்றால் மாதுறு ஓயா. வான்கதவு (குளத்தின் மிகைநீரை வெளியே விடும் கதவு) திறப்பதையும் மூடுவதையும் நீர்ப்பாசனத் திணைக்களமும் இடர் முகாமைத்துவ நிலையமும் அறிவிக்கும். நிலையத்தின் அவசர இலக்கம் 117. தமிழிலேயே கேட்கலாம்.

அடுத்தது முகத்துவாரம். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளம். கடலுக்கு அதன் வாய் இரண்டே இடங்களில்: பாலமீன்மடுப் பக்கம் ஒன்று, கல்லாற்றில் ஒன்று. மணல்மேடு அடைத்துக் கிடந்தால் வாவி வடியாது, வாவியோரத்து ஊர்களில் தண்ணீர் அப்படியே நிற்கும். "முகத்துவாரம் வெட்டியாச்சா?" என்று கேளுங்கள். வெட்டி, கடலும் தண்ணீரை இழுக்கிறது என்றால் இறக்கம் விரைவாக இருக்கும்.

எழுவான்கரைக்கு, அதாவது கடலோரப் பிரதான வீதியை அண்டிய ஊர்களுக்கு, வான்கதவு மூடி மூன்று முழு நாட்களாவது விடுங்கள். படுவான்கரைக்கும் குடும்பிமலைப் பக்கத்துக்கும் ஒரு வாரம். உட்பாதையில் அரிப்பு எங்கே விழுந்திருக்கிறது என்பது தண்ணீர் இறங்கி, ஊர் உழவு இயந்திரங்கள் சில தடவை போய்வந்த பிறகுதான் வெளியே தெரியும்.

முதல் வெள்ளம் வடிந்ததும் பருவமே முடிந்துவிட்டதாக எண்ணுவது பெரிய தவறு. 2011 ஜனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் மூழ்கின. மக்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோதே பெப்ரவரித் தொடக்கத்தில் இரண்டாவது வெள்ளம் வந்தது. முதல் மழையால் மண் ஊறியும் குளம் நிரம்பியும் இருந்தால் இரண்டாவது மழைக்கு ஒதுங்க இடமில்லை. முந்தியதைவிடக் குறைந்த மழையே போதும்.

2. மூன்று பேருக்குக் கோல் எடுங்கள்

முதல் அழைப்பு, தங்கப்போகும் வீட்டுக்கு அல்லது விடுதிக்கு. "எல்லாம் ஓகேயா?" என்று கேட்டால் "ஓம், வாங்க" என்றுதான் பதில் வரும். விருந்தாளியை வரவேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊர்களில் யாருக்கும் வாய் வராது. கேள்வியை அளவாகக் கேளுங்கள்:

"அண்ணன், உங்கட வீட்டடி றோட்டுல இப்ப தண்ணி நிக்கிதா? கணுக்காலா, முழங்காலா?"
"வீட்டுக்குள்ள தண்ணி ஏறினதா? கிணத்துக்குள்ள போனதா?"
"கரண்ட் வந்து எத்தின நாள்?"
"அக்கம்பக்கத்து ஆக்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தால வீட்ட வந்திட்டாங்களா?"

நான்காவது கேள்விதான் பயணத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஊர் மக்கள் இன்னும் பாடசாலையில், தற்காலிக முகாமில் இருந்தால் போகாதீர்கள். பவுசர் தண்ணீர், டீசல், படகு, வைத்தியசாலைக் கட்டில் எல்லாம் அப்போது அளவாகத்தான் இருக்கும். நீங்கள் பாவிக்கும் ஒவ்வொன்றும் அவர்கள் பங்கிலிருந்து போகும்.

இரண்டாவது அழைப்பு, அந்த வழியால் நாளாந்தம் ஓடும் ஒருவருக்கு. பஸ் சாரதி, மரக்கறி லொறிக்காரர், பால் சேகரிப்பவர் யாராவது. மூன்றாவது, போகும் ஊரின் கிராம உத்தியோகத்தருக்கு, அல்லது பிரதேச செயலகத்துக்கு. மூவரும் ஒரே பதிலைச் சொன்னால் புறப்படலாம். பதில்கள் முரண்பட்டால் நேற்று அந்த வீதியால் வந்தவரின் சொல்லை எடுங்கள்.

கூகுள் வரைபடத்தை இந்த நாட்களில் நம்ப வேண்டாம். பிரதான வீதி மூடியிருந்தால் அது உங்களை வயல்வெளி வாய்க்கால் கட்டுக்குத் திருப்பிவிடும். அந்தக் கட்டு ஊறி நெகிழ்ந்து கிடப்பது அதற்குத் தெரியாது.

3. எந்த வீதி, எந்த இடத்தில் அறும்

கொழும்பிலிருந்து வழமையான வழி ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிகந்தை, புனாணை, ஓட்டமாவடி, மட்டக்களப்பு. இது பெரும்பாலும் கல்லேல்ல, மன்னம்பிட்டிப் பகுதியில்தான் அறும். அங்கே வீதி தாழ்ந்து கிடப்பதால் மகாவலி பெருகினால் மூழ்கிவிடும். மட்டக்களப்பில் துளி மழை இல்லாத நாளிலும் இது நடக்கும். ரயில் பாதையும் அதே பக்கத்தால்தான் வருகிறது. தண்டவாளத்துக்குக் கீழே கல்லும் மண்ணும் அரித்துப் போயிருந்தால் தண்ணீர் வடிந்த பிறகும் சேவை தொடங்க நாளாகும். ஆசனம் பதிவானதை ரயில் ஓடும் என்பதற்கான உறுதியாக எடுக்காமல், முதல் நாள் மாலை நிலையத்தில் கேளுங்கள்.

மாற்று வழி கண்டி, மஹியங்கனை, பதியத்தலாவை, மகாஓயா, செங்கலடி. மன்னம்பிட்டியைத் தவிர்க்கலாம், ஆனால் கண்டி மஹியங்கனை மலைப்பகுதியில் மண்சரிவு அபாயம் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அமுலில் இருக்கும்போது அந்த வழியை எடுக்க வேண்டாம். தெற்கால் வருவோருக்கு மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் வழி இருக்கிறது. அங்கே லகுகல பகுதியில் யானை. திருகோணமலையிலிருந்து வெருகல், வாகரை வழியாக வந்தால் வெருகல் ஆற்றுப் பக்கத்தைத் தனியாக விசாரியுங்கள். அதுவும் மகாவலித் தண்ணீர்தான்.

மாவட்டத்துக்குள் வந்த பிறகு பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய இடங்கள்: காரைதீவு அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளித் தாம்போதி (வெள்ளம் மேலால் பாயக்கூடிய தாழ்ந்த பாலவீதி), கல்முனையிலிருந்து நாவிதன்வெளிப் பக்கம் போகும் கிட்டங்கித் தாம்போதி, குடும்பிமலைக்குப் போகும் கிரான் புலிபாய்ந்தகல் வீதி, வெல்லாவெளி மண்டூர் பக்கம். கிரான் வீதி மூழ்கினால் அப்பால் உள்ள ஊர்களுக்குப் படகுதான் ஓடும். அந்தப் படகு ஊர் மக்களின் அரிசிக்கும் நோயாளிக்கும் ஓடுவது. சுற்றிப் பார்க்கப் போகிறவர் அதில் இடம் பிடிக்க வேண்டாம்.

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகும் பாதையும் (இயந்திரப் படகுப் பாதையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நீரோட்டம் கூடிய நாளில் நிற்கும். ஓடினாலும் உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கிப் போடுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபடி போகாமல் இறங்கி நில்லுங்கள்.

4. புறப்பட முன் பையில் இருக்க வேண்டியவை

குடிநீர், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் வீதம் இரண்டு நாளுக்கு. குடிக்கவும் பல் துலக்கவும் காயம் கழுவவும் இது போதும். மூன்றாம் நாளுக்குள் நம்பகமான நீர் எங்கே என்று தெரிந்துவிடும்.

ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புக் கலவை) பைக்கற் பத்து. வயிற்றோட்டம் தொடங்கினால் ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் சுத்தமான நீரில் கரைக்க வேண்டும். அரை லீற்றரில் கரைத்தால் உப்பு கூடி, குறிப்பாகப் பிள்ளைகளுக்குக் கெடுதி. ஒரு லீற்றர் போத்தலொன்றை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

தினமும் எடுக்கும் மருந்து, பயண நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாக. பாதை அறுந்தால் நீரிழிவு, பிரஷர் மருந்து கிராமத்துக் கடையில் கிடைக்காது. ஏற்பூசி (ஏற்புவலித் தடுப்பூசி) கடைசியாக எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் வெளிக்கிட முன் வைத்தியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

காலுக்கு கம்பூட்ஸ், அல்லது அடி தடித்த மூடிய சப்பாத்து. சிலிப்பர் போதாது. சேற்றுக்குள் தகரமும் ஆணியும் கண்ணாடியும் கிடக்கும், சிலிப்பர் சேற்றில் கழன்றும் போகும். நுளம்புவலை, டோர்ச், சார்ஜ் நிரம்பிய பவர் பேங்க், சில்லறையாகக் காசு. கரண்ட் இல்லாத இடத்தில் அட்டையும் ஓடாது, ஏரிஎம்மும் ஓடாது.

5. தண்ணீர் நிற்கும் வீதியைக் கடப்பது

இந்தப் படியில்தான் உயிர் போகிறது. 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரப் பெட்டியில் போன மத்ரசா மாணவர்களை வெள்ளம் இழுத்துச் சென்றது. உயிர்கள் போயின. உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, வெள்ளத்துக்கு அதுவே பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பும் வாகனம் அது.

தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு தென்னோலைத் துண்டையோ சுள்ளியையோ போட்டால் தெரிந்துவிடும். குறுக்காக இழுத்துக்கொண்டு போனால் ஆழத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், திரும்புங்கள். ஓடும் தண்ணீர் 15 சென்ரிமீற்றர் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சரிக்கும். 30 சென்ரிமீற்றரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். 60 சென்ரிமீற்றரில் ஜீப்பும் வானும் போகும். டயர் நிலத்தை அழுத்திப் பிடிக்காத கணத்தில் ஸ்டியரிங் பிடித்திருப்பதில் பயனில்லை.

நிற்கும் தண்ணீர் என்றால் மூன்று விடயங்களைப் பாருங்கள்:

வீதியின் இரு விளிம்பும் தெரிகிறதா? தாம்போதியின் ஓரக் கற்கள் அல்லது தூண்கள் தெரியாவிட்டால் நடுவீதி எதுவென்று உங்களால் சொல்ல முடியாது. ஓரத்தில் ஒரு சில்லு இறங்கினால் வாகனம் வாய்க்காலுக்குள்.

தாருக்குக் கீழே மண் இருக்கிறதா? வெள்ளம் தாரை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் மண்ணை அரித்திருக்கும். மேலே வீதி மாதிரியே இருக்கும், உள்ளே வெறுமை. மதகுகளின் இரு தலைப்பிலும் இது கூடுதல். தண்ணீர் வடிந்து வீதி காய்ந்த பிறகும் மதகுக்குப் பக்கத்தில் வெடிப்போ பள்ளமோ கண்டால் ஆட்களை இறக்கி, வெறும் வண்டியை நடுவால் மெதுவாக எடுங்கள்.

முன்னால் போகும் வாகனம் எது? பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதுதான் புதியவர்கள் செய்யும் வழமையான பிழை. பஸ் தள்ளிவிடும் அலை பின்னால் வரும் ஓட்டோவின் இயந்திரத்துக்குள் ஏறிவிடும். பஸ் முழுதாகக் கடந்து, அலை அடங்கிய பிறகே உங்கள் முறை.

கடப்பதென்றால் முதல் கியரில், ஒரே வேகத்தில், இடையில் நிறுத்தாமல். நடுவில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் அந்த ஒரு முறுக்கில் இயந்திரம் உடையும். தள்ளி வெளியே எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஏறியதும் மெதுவாகப் போய் பிரேக்கைப் பல தடவை மிதித்துக் காயவிடுங்கள். நனைந்த பிரேக் முதல் தடவை பிடிக்காது.

இருட்டில் எந்தத் தாம்போதியும் வேண்டாம். மாலை ஐந்தரைக்குள் சேர முடியாது என்று தெரிந்தால் வழியில் உள்ள நகரத்தில் தங்குங்கள். யானைக்கும் இதே விதிதான். வெள்ளத்தில் காட்டின் தாழ்நிலம் மூழ்கினால் யானை மேட்டுக்கு வரும். மேடு என்பது பல இடங்களில் வீதியும் வீட்டு வளவும்தான். புனாணை, வெலிகந்தை, வாகரை, வெல்லாவெளி, லகுகல பக்கங்களில் அந்தி சாய்ந்த பின் ஓடாதீர்கள்.

6. தங்குமிடத்தில் பை இறக்க முன் பார்க்க வேண்டியவை

சுவரில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வெள்ளை அடித்திருந்தால் கதவுநிலையின் பின்பக்கம், அலுமாரிக்குப் பின்னால் பாருங்கள், அங்கே கோடு அழியாமல் இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே பிளக் பொயின்ட் இருந்தால், மின்வேலை தெரிந்தவர் திறந்து பார்த்துக் காயவைத்தாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதில் எதையும் சொருகாதீர்கள். உள்ளே சேறு காய்ந்து படிந்திருக்கும், ஈரம் பட்டதும் கசியும். மெயின் சுவிட்ச் பெட்டியில் உள்ள ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமுக்கினால் அது விழ வேண்டும். விழாவிட்டால் அந்த வீட்டில் தங்க வேண்டாம். அறுந்த கம்பி வளவில் கிடந்தால் கிட்டப் போகாமல் மின்சார சபைக்கு 1987இல் அறிவியுங்கள்.

ஜெனரேட்டர் ஓடினால் அது அறையிலிருந்து ஆறு மீற்றருக்கு அப்பால், திறந்த வெளியில் இருக்க வேண்டும். விறாந்தையில் வைத்தால் புகை உள்ளே வரும். மணம் இல்லாத நஞ்சு அதில் உண்டு, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

மெத்தையைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஊறிய மெத்தை மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். பாயும் விரிப்பும் கேட்டால் தருவார்கள், அது மேல். மலசலகூடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். இறங்காமல் மேலே வந்தால் குழி நிரம்பியிருக்கிறது, அந்த வீட்டுக் கிணற்றையும் சந்தேகிக்க வேண்டும்.

பாம்பு உலர்ந்த இடம் தேடி வரும். ஓட்டுக்கூரை, விறகுக் குவியல், சப்பாத்து, மூலையில் சுருட்டிய பாய். எதையும் கையால் எடுக்க முன் தடியால் தட்டுங்கள். நிலத்தில் படுப்பதென்றால் நுளம்புவலையின் ஓரத்தைப் பாயின் கீழே செருகுங்கள். நுளம்புக்கும் பாம்புக்கும் அது தடுப்பு. கடித்துவிட்டால் கீறவோ கட்டவோ உறிஞ்சவோ வேண்டாம். மோதிரம், காப்பு கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்சை அழையுங்கள்.

7. கிணறும் குடிநீரும்

இந்தப் பக்கத்து மணற்பாங்கான ஊர்களில் கிணறு ஆழம் குறைவு. வெள்ளம் கட்டுக்கு மேலால் ஏறாவிட்டாலும் பக்கத்து மலக்குழியின் நீர் மணலுக்குள்ளால் ஊறி வந்துவிடும். தெளிவாகத் தெரிவது சுத்தத்துக்கு அடையாளமில்லை.

கிணறு இறைத்தாயிற்றா, குளோரின் போட்டாயிற்றா, எந்த நாள் போட்டது என்று கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வையில் குளோரின் போடுவார்கள். ஊர் முழுவதும் தண்ணீர் நிற்கும்போதே கிணற்றை இறைத்தால் அசுத்த நீர்தான் மறுபடி ஊறும். நிலத்தடி நீர் வேகமாகத் தள்ளி வளையமும் சரியலாம். ஆகவே "வெள்ளம் நிற்கும்போதே இறைத்தோம்" என்றால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். உங்களுக்காக யாரையும் கிணற்றுக்குள் இறங்கவும் விடாதீர்கள். மூடிக் கிடந்த கிணற்றில் காற்று கெட்டிருக்கும்.

எப்படியானாலும் குடிக்கும் நீரைக் கொதிக்க வையுங்கள். கலங்கலாக இருந்தால் வாளியில் சில மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை நான்காக மடித்த வெள்ளைத் துணியால் வடித்து, அதன்பிறகு கொதிக்க வைக்க வேண்டும். குமிழி தளதளவென்று வந்த பின் ஒரு நிமிடம் போதும். கொதித்த நீரை அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். கழுவாத போத்தலில் ஊற்றினால் செய்த வேலை வீண்.

விறகும் காஸும் இல்லையென்றால் வாசனை சேர்க்காத சாதாரண குளோரின் திரவம், 5 வீதம் செறிவுள்ளது, தெளிந்த நீர் ஒரு லீற்றருக்கு 2 துளி. கலங்கல் மாறாத நீருக்கு 4 துளி. கலக்கி 30 நிமிடம் விடுங்கள். இலேசான குளோரின் மணம் இருக்க வேண்டும். மணமே இல்லையென்றால் அதே அளவு இன்னொரு தடவை போட்டு மறுபடி காத்திருங்கள். மாத்திரை பாவிப்பதென்றால் உறையில் எழுதிய அளவைப் பாருங்கள், கம்பனிக்குக் கம்பனி மாறும்.

கொதிக்க வைப்பதால் போகாதவை இரண்டு: உப்பும் வயல் மருந்தும். வயல் நடுவில் உள்ள வாடி, பண்ணை வீடு போன்றவற்றின் கிணற்றைக் குடிக்கப் பாவிக்க வேண்டாம். வெள்ளம் களைநாசினியையும் பசளையையும் கழுவிக்கொண்டு வந்திருக்கும். அங்கே தங்குவதானால் போத்தல் தண்ணீர், அல்லது பவுசர் தண்ணீர்தான்.

ஐஸ், வெட்டி வைத்த பழம், பச்சைச் சம்பல் வேண்டாம். சுடச்சுடச் சமைத்தது எதையும் சாப்பிடலாம், வாவி மீனும் இறாலும் உட்பட.

8. சேறு, காயம், காய்ச்சல்

எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரால் வருவது. தோலில் உள்ள சிறு கீறலே போதும். வயலிலும் வெள்ளச்சேற்றிலும் கால் வைக்கப் போகிறீர்கள், வீடு கழுவ உதவப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். அது டொக்சிசைக்கிளின். யார் எடுக்கலாம் என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. சேற்றில் இறங்கிய பின் யோசிப்பதைவிட முன்பே தொடங்குவது பலன். இந்த மண்ணில் மெலியோடோசிஸ் என்ற நோயின் கிருமியும் உண்டு. நீரிழிவுள்ளவர்களுக்கு அது கொடியது. அவர்கள் காலில் புண்ணோடு சேற்றில் இறங்கவே கூடாது.

கீறல் பட்டால் அந்த இடத்திலேயே சுத்தமான நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, மூடிக் கட்டுங்கள். மாலையில் குளிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். டிசம்பர், ஜனவரியில் மட்டக்களப்பில் டெங்கும் கூடும். அஸ்பிரின், இபுபுரோபன் வகை மாத்திரை அதில் இரத்தக்கசிவைக் கூட்டும்.

9. கடலும் வாவியும்

பாசிக்குடாவின் தட்டையான கடலை நம்பி வருவோர் பலர். வெள்ளத்துக்குப் பின் அதிலும் மரக்கட்டை, முட்கம்பி, உடைந்த போத்தல் அடைந்து கிடக்கும். தண்ணீர் பழுப்பாக இருக்கும்வரை கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. நீலம் திரும்பும்வரை இறங்க வேண்டாம்.

முகத்துவாரத்தில் எந்த நிறத்திலும் இறங்க வேண்டாம். வெட்டிய வாய் ஒவ்வொரு மணி நேரமும் அகலும். கரை மணல் காலுக்குக் கீழே துண்டு துண்டாக இடிந்து விழும். படம் எடுக்க ஓரத்தில் நிற்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: விளிம்பிலிருந்து பத்து அடி பின்னால் மணலில் நீளக் கோடாக வெடிப்பு ஓடினால், நீங்கள் நிற்கும் துண்டு அடுத்து விழப்போகிறது.

வாவியில் முதலை உண்டு. வெள்ளம் அவற்றை வாய்க்காலுக்கும் குளத்துக்கும் வயலுக்கும்கூடக் கொண்டுவந்து விடும். ஊர் ஆட்கள் குளிக்கும் துறை எது என்று கேட்டு, அவர்கள் இறங்கினால் மட்டும் இறங்குங்கள். தோணியில் போவதென்றால் பகலில், உயிர்காப்பு அங்கியோடு. வலைக் கம்புகள் நீருக்குள் மறைந்திருக்கும், அவை எங்கே என்று மீனவருக்குத்தான் தெரியும்.

10. ஊருக்குள் நடந்துகொள்வது

சேறு கழுவிக்கொண்டிருக்கும் வீட்டைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நனைந்த உடுப்பும் ஊறிய பாடப் புத்தகமும் வெயிலில் காய்வது அவர்கள் வீட்டு அந்தரங்கம்.

உதவி கொண்டுபோவதானால் முதல் நாளே கிராம உத்தியோகத்தரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். உடுப்பு மூட்டை பெரும்பாலும் தேவைக்கு மேல் வந்து குவிந்திருக்கும். கேட்டால் வேறு வரும்: வாளி, துடைப்பம், பிளீச்சிங் பவுடர், கொப்பி, சப்பாத்து, விதைநெல்லுக்குக் காசு. வாகனத்தை நிறுத்தி யன்னலால் கொடுக்க வேண்டாம். பிள்ளைகள் வீதிக்கு ஓடி வருவார்கள். முன்னுக்கு வர முடியாத வயோதிபருக்கு எதுவும் போகாது.

சாமானை நகரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வராமல் ஊர்க் கடையில் வாங்குங்கள். சமைத்துத் தரும் அக்காவுக்குக் காசை வற்புறுத்திக் கொடுங்கள். மறுப்பார்கள். பிள்ளையின் கொப்பிக்கு என்று சொன்னால் வாங்குவார்கள்.

11. எப்போது உடனே கிளம்ப வேண்டும்

தங்கியிருக்கும் நாட்களில் வாகன டாங்க் பாதிக்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு மாலையும் வானிலை அறிவித்தலைக் கேளுங்கள். 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்று கிழக்கு மாகாணத்துக்கோ ஊவாவுக்கோ சொன்னால், அல்லது மேலே சொன்ன குளங்களில் ஒன்றின் வான்கதவைத் திறக்கப் போவதாக அறிவித்தால், அன்றே பகல் வெளிச்சத்தில் பிரதான வீதிக்கு வந்துவிடுங்கள். ஊவாவையும் கேட்கச் சொல்வதற்குக் காரணம், அங்கே பெய்யும் மழையும் இங்கேதான் இறங்குகிறது. படுவான்கரையில் இருந்தால் பாலத்தைத் தாண்டி எழுவான்கரைக்கு. பயணம் ஒரு நாள் சுருங்குவது பரவாயில்லை, அப்பால் அகப்பட்டால் ஒரு வாரம் போகும்.

வீடு திரும்பியதும் சப்பாத்து, கம்பூட்ஸ், கூடாரம் எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். அடுத்த 30 நாட்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல், மூச்சுக் கஷ்டம் எது வந்தாலும் வைத்தியசாலைக்குப் போய், "மட்டக்களப்பு வெள்ளத்துக்குப் போய் வந்தேன், சேற்றில் நின்றேன்" என்ற வசனத்தை முதலில் சொல்லுங்கள். கொழும்பிலோ கனடாவிலோ உள்ள வைத்தியருக்கு எலிக்காய்ச்சலும் மெலியோடோசிசும் தானாக நினைவுக்கு வராது. அந்த ஒரு வசனம் கேட்டால்தான் சரியான இரத்தப் பரிசோதனையை எழுதுவார்.